பெரிசாக்கினா உடையாத படம்

உக்காருங்க சிஸ்டர். நான் சன்னலோரமா ஒட்டிக்கிறேன், பையை நடுவுல வச்சுக்கிடுவோம். தடுப்பூசிப் பெட்டிதான அது? அதத் தோள்ல மாட்டிக்கிட்டு எத்தனை நேரம் கம்பியப் பிடிச்சு நிப்பீங்க. மனுசனுக்கு மனுசன் இதுகூடச் செய்யலேன்னா எப்படி.

கிராமம் கிராமமாப் போவீங்க இல்ல? பிள்ளைகளை எல்லாம் தெரிஞ்சிருக்கும். அப்படீன்னா உங்களத்தான் ரெண்டு நாளாத் தேடிக்கிட்டிருந்தேன்னு வச்சுக்கோங்க. ஒரு போட்டோ காட்டுறேன், எந்த ஊருன்னு சொல்லணும். இருங்க, இருங்க. சும்மா எடுத்து நீட்டுனா தப்பா நெனச்சுக்குவீங்க. விசயத்தச் சொல்லிட்டுக் காட்டுறேன். சொன்னாத்தான் இதுல என் பங்கு என்னன்னு உங்களுக்கும் புரியும். என் அம்மாவுக்கே புரிய மாட்டேங்குது.

எனக்குச் சாத்தூர். ராமர்னு பேரு. பதினெட்டு வருசமா ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, எல்லாம் எடுப்பேன். ஆனா எனக்குப் பேரு வாங்கிக் குடுத்தது பிரிண்டுதான். இப்ப எல்லாரும் என்ன செய்றாங்க, போன்ல வந்த படத்தக் கொண்டாந்து, ‘அண்ணே, சுவத்துல மாட்டுற மாதிரி பெரிசாப் போட்டுக் குடுங்க’ம்பாங்க. அது ஒரு போன்லருந்து இன்னொரு போனுக்குத் தாவித் தாவி வத்திப்போன படம். பெரிசாக்கினா உடையும். மூக்கு எது, கண்ணு எதுன்னு தெரியாம கட்டங்கட்டமா நிக்கும். நான் எல்லார்கிட்டயும் சொல்றது ஒண்ணுதான். ஒரிஜினல் கொண்டா. ஒரிஜினல் இல்லேன்னா என்கிட்ட வராத.

அதுக்குத்தான் ஆன்லைன்ல ஒரு கணக்குத் தொறந்துக்கோன்னு சொல்லுவேன். எடுத்தது எடுத்த அளவுலயே அங்க போய்க் கெடக்கும். போன் தண்ணியில விழட்டும், திருட்டுப் போகட்டும், படம் எங்கயும் போகாது. பத்து வருசம் கழிச்சு எடுத்து சுவரு சைசுக்குப் பெரிசாக்குங்க, உடையாது. எங்க ஊருல பாதிப் பேருக்கு அந்தக் கணக்க ஆரம்பிச்சுக் குடுத்தது நான். பாஸ்வேர்டு மறந்துடுவாங்கன்னு அதையும் நான்தான் ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். நம்பிக் குடுக்குறாங்க.

என் தங்கச்சிக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுக் குடுத்தேன். சங்கரேஸ்வரின்னு பேரு, சங்கரின்னு கூப்பிடுவோம். ஒரே தங்கச்சி. எட்டு வருசத்துக்கு முன்னால விருதுநகர்ல கட்டிக் குடுத்தோம். மாப்ள தவசிலிங்கம், பருப்பு மில்லுல சூப்பர்வைசர். தண்ணி கெடையாது, பீடி கெடையாது. வேலை விட்டா வீடு. இதுக்கு மேல என்ன வேணும்? ஒரு பொம்பளப்பிள்ளை, தர்ஷிகா. அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்குது.

ரெண்டு வருசம் முன்னாடி ஆடி மாசம். சங்கரி ஸ்டுடியோவுக்கு வந்தா. வெயில் நேரம், முழுக்கை ஜாக்கெட்டு போட்டிருந்தா. ‘என்னம்மா இந்த வேக்காட்டுல’ன்னேன். சிரிச்சா.

‘அண்ணே, போன்ல எடுக்குற படம் சுருங்காம, தேதியோட, யாரும் தொடாம இருக்கணும்னா எங்க வைக்கணும்?’

எனக்குப் பெருமையாப் போச்சு. இந்தக் கேள்விய ஒருத்தரும் கேட்டதில்ல. தேதி எதுக்குன்னு யோசிச்சேன். பிள்ளை வளர்றத மாசா மாசம் பாக்கணும்னு நெனச்சிருப்பா. பக்கத்துல உக்கார வச்சு, என் நம்பரக் குடுத்தே கணக்க ஆரம்பிச்சேன். ‘ஒரிஜினல் அளவு’ன்னு ஒரு இடம் இருக்கும், அத மறக்காம அமுக்கணும்னு சொல்லிக் குடுத்தேன். எந்த ஊருல எடுத்ததுன்னு படத்துல பதியாம இருக்க என்ன செய்யணும்னு கேட்டா. அதையும் சொன்னேன். கெட்டிக்காரி, ஒரு தடவ சொன்னாப் பிடிச்சுக்குவா.

அப்புறம் தைப் பொங்கலுக்கு, பிள்ளை படத்தப் போட்டு ஒரு காலண்டர் அடிச்சுக் குடுப்போம், ஆச்சரியப்படட்டும்னு அவ கணக்கத் தொறந்தேன். நோட்டுலதான் பாஸ்வேர்டு இருக்கே.

பிள்ளை படம் கொஞ்சந்தான் இருந்துச்சு. மத்ததெல்லாம் அவளே அவள எடுத்தது. தோள்பட்டை. முதுகு. முழங்கைக்கு மேல ஒரு ஸ்கேல வச்சு எடுத்தது. கன்னத்துல ஒரு பக்கம், பாத்ரூம் கண்ணாடியில. எல்லாம் இருட்டு சிஸ்டர். பாதி ஆடிப்போனது, பாதி ஃப்ளாஷ் அடிச்சு வெளுத்துப்போனது. பதினெட்டு வருசமா இதே தொழில் பாக்குறவன் சொல்றேன், ஒண்ணுகூட பிரிண்டுக்கு லாயக்கில்ல. நாப்பத்தி மூணு படம். ஒவ்வொண்ணும் ஒரிஜினல் அளவு, எவ்வளவு எடம் அடைக்கும்! இதே வேகத்துல போனா பிள்ளை படத்துக்கு எடம் இருக்காது. எல்லாத்தையும் தேர்ந்தெடுத்து அழிச்சுவிட்டேன். அழிச்சது ஒரு மாசம் குப்பையில கெடக்கும், அதையும் காலி பண்ணேன்.

என்ன சிஸ்டர் அப்படிப் பாக்குறீங்க.

கை நீட்டுவாரு. இல்லேங்கல. எந்த வீட்டுல இல்ல? ஒரு தடவ காறை எலும்பு விட்டுப்போச்சு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு அவ வாயாலயே சொன்னா. நானும் அம்மாவும் நேருல போய் நின்னு கேட்டோம், அப்பவும் அதத்தான் சொன்னா. மாப்ள பக்கத்துல ஆப்பிள் நறுக்கிக்கிட்டு இருந்தாரு. ஒவ்வொரு துண்டா அவளுக்கு ஊட்டிவிட்டாரு. அப்புறம் நான் என்னன்னு கேக்குறது?

இருந்தாலும் நான் சும்மா விடல. மாப்ளய ஒரு நா டீக்கடையில வச்சு நல்ல விதமாச் சொன்னேன். ‘மாப்ள, தங்கச்சி படமெல்லாம் எடுத்து வைக்கிறா. பொம்பள மனசு, நாளப்பின்ன வம்பாப் போயிறக்கூடாது. கொஞ்சம் பாத்து நடந்துக்கோங்க.’ ஒரு அண்ணனா என் கடமையச் செஞ்சேன். அவரும் தலைய ஆட்டிக் கேட்டுக்கிட்டாரு. ‘நல்லவேளை சொன்னீங்க மச்சான்’னாரு. எவ்வளவு மரியாதை பாருங்க.

அந்த வாரமே சங்கரி போன் கை தவறிக் கீழ விழுந்து உடைஞ்சு போச்சுன்னாங்க.

கொஞ்ச நாள் கழிச்சு வேற யாரோ நம்பர்லருந்து கூப்பிட்டா. மெதுவாப் பேசுறா, காதுல வாங்கவே முடியல.

‘அண்ணே, ஒரு வக்கீலம்மாவப் பாத்தேன். போன்ல அனுப்புன படம் பத்தாதாம், ஒரிஜினல் வேணுமாம். தேதி அதுலதான் இருக்குமாம். அந்தக் கணக்கத் தொறக்க முடியல, பாஸ்வேர்டச் சொல்லு.’

‘எந்தப் படம்மா?’

‘உனக்குத் தெரியாதுண்ணே. நான் எடுத்து வச்சிருக்கேன்.’

‘அந்த இருட்டுப் படமா? அத நான் எப்பவோ அழிச்சிட்டேனே. ஒண்ணுமே சரியில்லம்மா, எல்லாம் ஆடியிருந்துச்சு.’

லைன் கட்டாயிருச்சோன்னு ‘ஹலோ, ஹலோ’ன்னேன். பின்னால பிரஷர் குக்கர் விசில் கேக்குது. மூணு விசில் எண்ணினேன். அப்புறம் சொன்னா, ‘சரிண்ணே.’

சரிண்ணேன்னுதான் சொன்னா. கோவிக்கவே இல்ல. இத நான் அம்மாகிட்ட எத்தனை தடவ சொல்லிட்டேன்.

நாலாம் நாளு பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. பால் வாங்கப் போறேன்னு போனவ. பள்ளிக்கூடப் பை, பிள்ளைக்கு ரெண்டு கவுனு, அவ்வளவுதான். பதினாலு மாசம் ஆச்சு. மாப்ள பட்ட பாடு இருக்கே! மில்லுக்கு லீவு போட்டுட்டு கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடுன்னு அலைஞ்சாரு. என் ஸ்டுடியோ வாசல்ல வந்து உக்காந்துக்குவாரு, காலையில வந்தா பொழுது சாயுற வரைக்கும். பேச மாட்டாரு. கஸ்டமருங்க போறப்ப வர்றப்ப முகத்தப் பாப்பாரு. சில பேரு வர்றதையே விட்டுட்டாங்க. நானும் என்னன்னு சொல்றது, தங்கச்சி புருசன்.

இப்பப் போன மாசம் என்ன நடந்துச்சுன்னா, எங்க அம்மா போனக் கையில வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்தா. நான் உள்ள போனதும் முந்தானைக்குள்ள ஒளிச்சா. பிடுங்கிப் பாத்தேன். சங்கரி புதுசா வேற ஒரு கணக்கு ஆரம்பிச்சு, பிள்ளை படம் மட்டும் அம்மா பாக்குற மாதிரி ஒரு லிங்க் அனுப்பியிருக்கா. நாலே நாலு படம். அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. அந்தச் சின்ன போன்ல மூக்க ஒட்ட வச்சுக்கிட்டுப் பாத்திருக்கா பாவம்.

‘அவ உன்கிட்டக் காட்டக்கூடாதுன்னாடா’ன்னு சொல்லி அழுறா.

‘ஏன், நான் என்ன அந்நியனா?’ன்னேன். ‘குடும்மா, பெரிசாப் பிரிண்டு போட்டுச் சுவத்துல மாட்டுறேன். பேத்திய நல்லாப் பாரு.’

அம்மாவுக்கு ஆசை வந்திருச்சு. குடுத்துட்டா. கையப் பிடிச்சுக்கிட்டு, ‘மாப்ளகிட்ட மட்டும் காட்டிறாதடா, எம்மேல சத்தியம்’னா. சரின்னேன்.

லிங்க்கத் தொறந்து பாத்தா படம் சின்னதாத்தான் தெரியும். மேல மூணு புள்ளி இருக்கும், அத அமுக்கி ஒரிஜினல இறக்கணும். எத்தனை பேருக்கு இது தெரியும்? இறக்கிட்டேன். அடேயப்பா! அவளுக்குச் சொல்லிக் குடுத்தது வீண் போகல. நல்ல காலை வெயில்ல எடுத்திருக்கா. தர்ஷிகா பச்சைக் கட்டம் போட்ட யூனிபார்ம்ல, பாதி கடிச்ச கொய்யாவோட நிக்கிறா. முன்பல்லு ரெண்டும் விழுந்திருக்கு. பெரிசாக்கிக்கிட்டே போறேன், உடையவே இல்ல. பிள்ளை கண்ணுமணிக்குள்ள சங்கரி நெழலு தெரியுது சிஸ்டர்! போனத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. மெலிஞ்சிருக்கா. பின்னால தூரத்துல ஒரு தண்ணி டாங்கி. போன்ல பாத்தா அது வெறும் நீலப் புள்ளி. ஒரிஜினல்ல எழுத்தே படிக்கலாம். முன்பாதியத் தென்னை மறைக்குது, ‘ன்பட்டி ஊராட்சி’ன்னு மிச்சம் இருக்கு. அதுக்குக் கீழ பந்தல் பந்தலா ஏதோ கொடி.

இருபதுக்கு முப்பது சைஸுல ரெண்டு போட்டேன். ஒண்ணு அம்மாவுக்கு. ஒண்ணு எனக்கு, ஸ்டுடியோ சுவத்துல மாட்ட. அப்படி ஒரு பிரிண்டு வந்தா நாலு பேரு பாக்க வேண்டாமா?

மாப்ளகிட்ட நான் காட்டல. சத்தியம் பண்ணியிருக்கேன்ல. அவரா வந்தாரு, அவராப் பாத்தாரு. அது எப்படி என் தப்பாகும்?

வந்தவரு செருப்பக்கூடக் கழட்டல. படத்து முன்னால அப்படியே நின்னாரு. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல, ஆம்பள அழுக மாட்டாரு. பிள்ளை முகத்தக்கூட அவரு சரியாப் பாக்கல பாத்துக்கோங்க, அந்த டாங்கியவே பாத்துக்கிட்டு நின்னாரு. ஏக்கம். நேருக்கு நேரா பிள்ளை முகத்தப் பாக்கத் தாங்கல போல.

‘இன்னும் பெரிசாக்க முடியுமா மச்சான்?’

‘எவ்வளவு வேணா மாப்ள. ஒரிஜினலு, உடையாது.’

‘இந்த மூலைய மட்டும் தனியாப் போட்டுக் குடுங்க.’

போட்டுக் குடுத்தேன். ‘ன்பட்டி’ன்னா ஆயிரம் ஊரு இருக்கே மச்சான்னு மலைச்சாரு. அது திராட்சைப் பந்தல், கம்பம் பக்கந்தான் இப்படிப் பந்தல் பந்தலாப் போட்டிருப்பாங்கன்னு கண்டுபிடிச்சுச் சொன்னது நான். ஒரு தடவ கல்யாண ஆர்டருக்கு இந்தப் பக்கம் வந்திருக்கேன். மாப்ள என் கையப் பிடிச்சுக்கிட்டாரு. எட்டு வருசத்துல அவரு என் கையப் பிடிச்சது அன்னிக்குத்தான். இறுக்கிப் பிடிச்சாரு, மறுநாள் வரைக்கும் வலிச்சுது.

அம்மாவுக்குத் தெரிஞ்சதும் சுவத்துல மாட்டுன படத்தக் கழட்டிக் கட்டிலுக்கு அடியில போட்டுட்டா. என்கிட்டப் பேசுறதில்ல. சோறு போடுறா, பேசுறதில்ல. எந்தம்பி பொண்டாட்டி, ‘நீங்க என்ன காரியம் செஞ்சிட்டீங்கன்னு தெரியுதா’ங்குறா. என்ன செஞ்சேன்? ஒரு படம் பிரிண்டு போட்டேன். பிரிஞ்ச குடும்பத்தச் சேத்து வைக்கப் பாக்குறேன். எடுத்தவ அவ. அனுப்புனவ அவ. தண்ணி டாங்கியில பேரு எழுதுனவன் ஊராட்சிக்காரன். எல்லாருமாச் சேந்து என்னையக் கேக்குறாங்க.

நானும் கூட வர்றேன்னு சொன்னேன். மாப்ள வேண்டாம்னாரு. அப்புறம், ‘சரி வாங்க, உங்களப் பாத்தாக் கதவத் தொறப்பா’ன்னாரு. மனசு வச்சுத்தான சொல்றாரு?

ரெண்டு நாளாச் சுத்துறோம். ஒவ்வொரு பட்டியா எறங்கி டாங்கியப் பாக்குறோம். அந்தா, டிரைவருக்குப் பின் சீட்டுல, வெள்ளைச் சட்டை, தலைய சாச்சுக்கிட்டு. அவருதான். தூங்குறாரு. நேத்திலிருந்து சாப்பிடல மனுசன். மடியில இருக்கற பைய என்னையத் தொட விட மாட்டேங்காரு. பிள்ளைக்கு ஏதாச்சும் வாங்கி வச்சிருப்பாரு.

இந்தாங்க, இதுதான் படம். சின்ன பிரிண்டு, ஆனா தெளிவா இருக்கும். பாருங்க.

நல்லாப் பாருங்க சிஸ்டர். அவசரமில்ல.

தெரியாதா? டாங்கியப் பாருங்க. பிள்ளையக்கூட எங்கயாச்சும் ஊசி போடுறப்பப் பாத்திருப்பீங்களே. பல்லு விழுந்த பிள்ளை. தெரியாதா? சரி. இல்ல, நீங்க இவ்வளவு நேரம் பாத்தீங்களா, அதான் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்.

இல்ல, நாங்க வர்றது அவளுக்குத் தெரியாது. சொன்னா வேற ஊருக்குப் போயிருவாங்குறாரு மாப்ள.

என்ன எந்திரிக்கிறீங்க? கம்பம்னுதான டிக்கெட் கேட்டீங்க? இங்க ஒண்ணுமே இல்லியே சிஸ்டர், வெறும் ரோடு. சரி சரி, வேலைன்னு ஒண்ணு இருக்கும். பாத்து எறங்குங்க. கண்டக்டர்கிட்ட என்ன காதுல சொல்லிக்கிட்டு... டிக்கெட் விசயமா இருக்கும்.

சிஸ்டர்! படத்தக் கையிலயே கொண்டு போறீங்களே! சிஸ்டர்!

எறங்கிட்டாங்க. போனக் காதுல வச்சுக்கிட்டு ஓட்டமால்ல ஓடுறாங்க, அந்தப் பெட்டியோட. நல்ல பொம்பள. ஒரு வார்த்தை குறுக்கப் பேசாமக் கேட்டுச்சு.

மாப்ள, முழிச்சிட்டீங்களா? அது ஒண்ணுமில்ல மாப்ள, ஒரு நர்ஸம்மா. படத்தக் காட்டிக் கேட்டேன், தெரியாதுன்னுட்டாங்க. ஆமா, எறங்கிட்டாங்க. ஏன் மாப்ள? எறங்கணுமா? இங்கயா?

கண்டக்டர் சார், ஒரு விசில் குடுங்க, எங்க மாப்ள எறங்கணுமாம். ஸ்டாப்பு இல்லியா? இப்ப அந்தம்மாவுக்கு நிறுத்துனீங்கள்ல? என்ன சார் கதவச் சாத்துறீங்க? ஸ்டேஷன்ல போய்த்தான் நிறுத்துவீங்களா? எந்த ஸ்டேஷனு, இந்தப் பக்கம் ரயிலே கெடையாதே.

மாப்ள, உக்காருங்க. அடுத்த ஊருல எறங்கிக்கிடுவோம். மாப்ள, கண்டக்டர் சட்டைய விடுங்க. அவரு வயசானவரு மாப்ள. எல்லாரும் பாக்குறாங்க. ஏங்க, யாராச்சும் பிடிங்களேன்! கைய எடுங்க மாப்ள. அவரு கழுத்துலருந்து கைய எடுங்க. ஐயோ, கைய எடுங்க!